யார் வீட்டில் தண்ணீர் புகும்?

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் வரவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகை. இப்படி ஒரு காரணத்தால் அச்சாகாமல் போனது அதுவே முதல் முறை என்று வெளிநாடுகளில்கூட அது செய்தியானது. அச்சகம் மூழ்கிவிட்டதோ என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. இயந்திரம் ஒரு பக்கம், அதை ஓட்டுகிறவர்கள் வெள்ளத்துக்கு மறுபக்கம். பத்திரிகை நின்றது அதனால்தான்.

நான் பார்க்கும் வேலைக்கு 'பிசினஸ் கண்டினியூட்டி' என்று பெயர். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பல வருடங்களாக இதே வேலை. வெள்ளம், தீ, மின்தடை, தொற்றுநோய், சைபர் தாக்குதல் என்று எது வந்தாலும் எந்த வேலை நிற்கக் கூடாது, நின்றால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப ஓட வேண்டும், யார் எங்கே உட்கார்ந்து அதை ஓட்டுவது என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைக்க வேண்டும். எழுதியதை வருடத்துக்கு ஓரிரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் சொன்னால் "ஓ, இன்சூரன்ஸா?" என்பார்கள். இன்சூரன்ஸ் நஷ்டத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். இரண்டு வாரம் சரக்கு வராததால் வேறு கடைக்குப் போய்விட்ட வாடிக்கையாளரைத் திருப்பித் தராது. அந்த இரண்டு வாரம்தான் எங்கள் கவலை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் எப்போதும் அந்த டிசம்பர் 2-ல்தான் தொடங்குவேன். ஏனென்றால் எங்கள் தொழிலின் பெரிய குறை அந்த ஒரே சம்பவத்தில் அப்படியே தெரிகிறது.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துறையிலும் போய் உட்கார்ந்து கேட்போம். உங்கள் வேலை நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்கும்? நாலு மணி நேரமா, ஒரு நாளா, ஒரு வாரமா? எல்லோரும் "ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உள்ளே போய்க் கேட்கக் கேட்கத்தான் உண்மை வரும். சம்பளப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 5-ம் தேதி அவர்களுடைய சிஸ்டம் மூன்று நாள் படுத்தாலும் யாருக்கும் தெரியாது. கடைசி வேலை நாளன்று வங்கிக்கு ஃபைல் அனுப்ப வேண்டிய நேரத்துக்குள் படுத்தால், மறுநாள் எத்தனையோ வீடுகளில் இ.எம்.ஐ. திரும்பிப் போகும். அதே துறை, அதே கணினி, தேதி மட்டும் வேறு. இதைப் பேசிப் பேசி, எந்த வேலை எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வேண்டும், எவ்வளவு டேட்டா போனால் தாங்கும் என்று இரண்டு எண்களைப் பிடிப்போம். அந்த எண்களை வைத்து மாற்று மையம், ஜெனரேட்டர், இரண்டாவது நெட் லைன், பேக்கப் என்று திட்டம் வளரும். இதற்கு ஐ.எஸ்.ஓ. 22301 என்று சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. 2012-ல் வந்தது, 2019-ல் திருத்தினார்கள். நல்ல தரநிலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, அதை நாங்கள் நிரப்புகிற விதத்தில் இருக்கிறது. கட்டடத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதுவோம். சர்வருக்கு அதைவிட அதிகம். ஆட்களுக்கு வரும்போது பெரும்பாலான திட்டங்களில் ஒரே வரிதான்: "30 சதவீதம் பேர் வர இயலாத நிலையிலும் பணி தொடரும்." அந்த 30 சதவீதம் எல்லாத் துறையிலும் சமமாகப் பரவியிருக்கும் என்று நினைத்து எழுதிய வரி அது. வெள்ளம் அப்படி வருவதில்லை. அது தெருவைப் பார்த்து வருகிறது.

சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம். ஆபீஸ் பக்கம், வாடகை கட்டுப்படியாகும். இரவு ஷிஃப்ட் டீம்களில் இன்னும் ஒரு விஷயம் உண்டு. கேப் ஒரே ரூட்டில் ஓடினால்தான் எல்லோருக்கும் வசதி என்பதால், ஒரு டீமில் இருப்பவர்கள் மெல்ல மெல்ல ஒரே பகுதிக்குக் குடிவந்துவிடுவார்கள். பேச்சிலர் பையன்கள் ஃபிளாட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு முறை எங்கள் முகவரிப் பட்டியலைத் தெரு வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஒரு முக்கியமான சிஸ்டத்துக்கு அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்த நால்வரில் மூன்று பேர் ஒரே வீட்டில், தரைத்தளத்தில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். திட்டத்தில் ஒருவருக்கு ஒருவர் மாற்று என்று எழுதியிருந்தது. காகிதத்தில் அது சரிதான். தண்ணீர் வந்தால் மூன்று பேரும் ஒரே மொட்டை மாடியில்தான் நிற்பார்கள்.

2015 டிசம்பர் 1 எப்படிப்பட்ட நாள் என்று சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அதன்மேல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றின் இரண்டு கரையிலும் முடிச்சூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று வரிசையாக மூழ்கின. விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர், சில நாட்களுக்கு விமானமே இல்லை. கார் ஆலைகள் நின்றன. ஃபோர்டு, ஹூண்டாய், ரெனோ நிசான் எல்லாம் உற்பத்தியை நிறுத்தின. அந்தக் காலாண்டின் வருவாயைச் சென்னை வெள்ளம் பாதிக்கும் என்று டி.சி.எஸ். முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது.

எங்கள் தொழிலின் ஆயுதங்கள் அன்றைக்கு ஒவ்வொன்றாக விழுந்தன. 'கால் ட்ரீ' என்று ஒன்று வைத்திருப்போம். மேலாளர் ஐந்து பேரை அழைப்பார், அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேரை அழைப்பார்கள், அரை மணி நேரத்தில் எல்லோர் நிலையும் தெரிந்துவிடும். டவர்களுக்கு மின்சாரம் போய், பேட்டரி இறங்கி, டீசல் கொண்டுபோக வழியில்லாமல் போனை அமுக்கினால் சத்தமே இல்லை. மாற்று மையம் பெங்களூரில் இருந்தது. டேட்டா முழுக்க அங்கே பத்திரமாக இருந்தது. பஸ் பிடித்து ஆட்களை அங்கே அனுப்புவது என்று பல நிறுவனங்கள் முடிவெடுத்தன. யார் கிளம்பினார்கள்? கல்யாணமாகாத, ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த இளைஞர்கள். சென்னையிலேயே குடும்பம் இருந்தவர்களில் எத்தனையோ பேர் போகவில்லை. எங்கள் டீமில் ஒரு பெண், எனக்குத் தெரிந்து அத்தனை பொறுப்பான இன்னொருவர் கிடையாது, ஒரு வழியாக லைன் கிடைத்தபோது என்னிடம் கேட்டார்: "அப்பாவை மாடியில விட்டுட்டு நான் எப்படி சார் பெங்களூர் வர்றது? அவருக்கு நாளைக்கு டயாலிசிஸ்."

அவருக்கு நாளைக்கு டயாலிசிஸ் என்பது எங்கள் எந்தப் படிவத்திலும் இல்லை. அதைக் கேட்பதற்கு ஒரு கட்டமே கிடையாது.

கல்பாக்கத்தை நினைத்தாலும் எனக்கு இதுதான் தோன்றும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அங்கே அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்ப் அறையில் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த அணு உலை முறைப்படி பத்திரமாக நிறுத்தப்பட்டது. பொறியியலைப் பொறுத்தவரை அது பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே அலை பக்கத்தில் கடற்கரையோரம் இருந்த ஊழியர் குடியிருப்புக்குள் போனது. அங்கே ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினருமாகப் பலர் இறந்துபோனார்கள். உலைக்கு எத்தனை அடுக்குப் பாதுகாப்பு யோசித்திருந்தார்கள்! அதை ஓட்டுகிறவர் தூங்கும் வீட்டுக்கு அப்போது எந்த எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை.

இந்தத் தொழிலின் பாடப் புத்தகங்களில் தவறாமல் வரும் இரண்டு நிறுவனங்கள் உண்டு, இரண்டும் 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் இருந்தவை. ஒன்று கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு. வடக்குக் கோபுரத்தின் 101 முதல் 105 வரையிலான மாடிகள். விமானம் அவர்களுக்குக் கீழே மோதியது. அன்று காலை அலுவலகத்துக்கு வந்திருந்த 658 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய மின்னணு வர்த்தகத்துக்கு நியூ ஜெர்சியிலும் லண்டனிலும் மாற்று ஏற்பாடு இருந்தது. இரண்டே நாளில், 13-ம் தேதி பத்திரச் சந்தை திறந்தபோது அவர்களும் திறந்தார்கள். இதைப் பேக்கப் ஏற்பாட்டின் வெற்றிக் கதையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியை மட்டும் வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்ப எனக்கு மனம் வருவதில்லை. அந்த நிறுவனம் ஐந்து வருடம் லாபத்தில் கால் பங்கை இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்தது, பத்து வருடம் மருத்துவச் செலவை ஏற்றது. சொல்வதானால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று மார்கன் ஸ்டான்லி, தெற்குக் கோபுரம். அங்கே பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் ரிக் ரெஸ்கோர்லா. இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து, அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து வியட்நாமில் போரிட்டவர். கோபுரத்தின் அடித்தளத்தில் வண்டியோடு குண்டு வைக்க முடியும் என்று 1993-க்கு முன்பே எச்சரித்தவர். 1993-ல் அப்படியே நடந்தது. அன்றைக்கு ஆட்கள் புகைக்குள் தட்டுத் தடுமாறி இறங்கியதைப் பார்த்தவர், அடுத்தது ஆகாயத்திலிருந்து வரும் என்று சொல்ல ஆரம்பித்தார். நிறுவனம் வேறு இடம் போக வேண்டும் என்றார். குத்தகை 2006 வரை இருந்தது, நடக்கவில்லை.

சரி, இருக்கிற இடத்திலேயே என்ன செய்யலாம் என்று அவர் இறங்கினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரையும் படிக்கட்டில் இறக்கினார். இருவர் இருவராக, வரிசை கலையாமல், நேரம் குறித்துக்கொண்டு. கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் மேசையிலிருந்து ஒருவரை எழுப்பி மாடிப்படி இறங்கச் சொன்னால் என்ன முகம் காட்டுவார் என்று எங்களைப் போன்ற ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். திட்டினார்கள். அவர் விடவில்லை. செப்டம்பர் 11 காலை வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியதும், தெற்குக் கோபுரத்தில் ஒலிபெருக்கி எல்லோரையும் இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னது. ரெஸ்கோர்லா அதை மதிக்கவில்லை. மெகாபோனை எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போய் ஆட்களைக் கிளப்பினார். படிக்கட்டில் அவர்கள் பயப்படாமல் இறங்குவதற்காகத் தன் ஊர்ப் பாட்டுகளைப் பாடினார். இரண்டாவது விமானம் அவர்கள் கோபுரத்தில் மோதியபோது பெரும்பாலானோர் இறங்கி முடித்திருந்தார்கள் அல்லது இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 2,700 பேர் பிழைத்தார்கள். இறந்த 13 பேரில் அவரும் ஒருவர். இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்ப மேலே ஏறினார்.

அவரிடம் சிறப்பான மென்பொருள் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆளின் காலுக்கும் அந்தப் படிக்கட்டைப் பழக்கியிருந்தார். அதோடு, ஒலிபெருக்கி சொன்னதை மீறி "இறங்குங்கள்" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை.

2021 பிப்ரவரி 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காலை 11:40-க்குத் தேசிய பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறிலிருந்து தொடங்கிய சிக்கல். அவர்களிடம் மாற்று மையம் இருந்தது. ஆனால் அன்றைக்கு அங்கே மாறவில்லை. மாலை 3:45-க்குத்தான் திரும்பத் தொடங்கி, 5 மணி வரை நேரத்தை நீட்டித்தார்கள். நடுவில் வாங்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அதன் பிறகு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொண்டுவந்த விதியைக் கவனியுங்கள். முக்கிய சிஸ்டம் நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்ததிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்குப் போய்விட வேண்டும். முடிவெடுப்பதற்கே ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, சிறப்பு அமர்வு வைத்து நிஜ வர்த்தகத்தின் நடுவிலேயே மாற்று மையத்துக்கு மாறிக் காட்டினார்கள். என்னைக் கேட்டால் சமீபத்தில் இந்தியாவில் எங்கள் தொழிலில் நடந்த மிக நல்ல காரியம் அது.

ஏன் முடிவு தாமதமாகிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று பொறியாளர் சொல்வார், உண்மையிலேயே அப்படித்தான் நம்புவார். மாற்று மையத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது இன்னொரு தலைவலி. தேவையில்லாமல் மாற்றினாயே என்று பிறகு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும், மாற்றாமல் விட்டதற்கு அந்த அளவுக்குக் கேள்வி வராது. திட்டத்தில் "உயர் நிர்வாகம் முடிவு செய்யும்" என்று எழுதியிருப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு உயர் நிர்வாகம் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். ஷிஃப்டில் இருக்கும் இருபத்தாறு வயதுப் பையனுக்குத் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், அதிகாரம் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் நான் ஒரு கடிதம் கேட்டு வாங்கிவிடுகிறேன். ஷிஃப்டில் இருக்கும் இன்னார், யாரையும் கேட்காமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பலாம், இவ்வளவு ரூபாய் வரை ஓட்டல் அறையும் வண்டியும் எடுக்கலாம், பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டோம் என்று மேலதிகாரியின் கையெழுத்தோடு. பையன்கள் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஆட்களின் வீட்டை மறந்த எங்கள் குறை, 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இன்னொரு விதமாகத் தெரிந்தது. சென்னை போனால் பெங்களூர், பெங்களூர் போனால் ஹைதராபாத் என்று வரைந்திருந்த வரைபடம் முழுவதும் ஒரே ராத்திரியில் பயனற்றுப் போனது, எல்லா ஊரும் சேர்ந்து மூடிவிட்டதே. அப்போது வேலையைக் காப்பாற்றியது ஊழியர்களின் சாப்பாட்டு மேசையும் படுக்கையறை மூலையும்தான். டெஸ்க்டாப்பை லாரியில் ஏற்றி வீடு வீடாக இறக்கினார்கள். அதுவரை யாருடைய வீட்டைப் பற்றியும் ஒரு கேள்விகூடக் கேட்காத திட்டங்கள் அந்த வாரம் முழுக்க முழுக்க வீடுகளையே நம்பி நின்றன.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத்து, ஒரு மில்லிங், கடன் வாங்கிப் போட்ட ஒரு சி.என்.சி. 2015 வெள்ளம் வடிந்த பிறகு நான் போனபோது லேத்தின் படுக்கை மேல் விரல் கனத்துக்குச் சேறு. கியர் பாக்ஸைத் திறந்தால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் காப்பி நிறத்தில் தண்ணீர். சி.என்.சி. பேனலைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒன்றுமே சொல்லாமல் மூடினார். ஆனால் பரணில், பாலித்தீன் சுற்றி, டிராயிங் எல்லாம் அப்படியே இருந்தன. ஜிக், கேஜ், அளவுக் கருவிகள், கழற்ற முடிந்த மோட்டார்கள் எல்லாம் மேலே. யார் ஏற்றியது என்று கேட்டேன். பட்டறையின் மூத்த தொழிலாளி. "2005-ல இங்க இடுப்பளவு பாத்தவன் தம்பி நானு. செவ்வாக்கெழமை மத்தியானமே மழை போற போக்கு சரியில்லன்னு தோணுச்சு. மொதலாளி வேணாம்னாரு, நான் கேக்கல" என்றார்.

கேஜும் டிராயிங்கும் பிழைத்ததால்தான் பட்டறை பிழைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், ராத்திரியில் சும்மா நிற்கும் தன் மெஷினை ஓட்டிக்கொள்ளச் சொன்னார். அதே ஆட்கள், அதே ஜிக், வேறு ஷெட். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய சரக்கு தாமதமானது, ஆனால் போனது.

1997 பிப்ரவரியில் ஜப்பானின் கரியா நகரில் ஐசின் ஆலை எரிந்தபோது டொயோட்டாவுக்கு நடந்ததும் இதுதான், அளவுதான் வேறு. பிரேக்கில் வரும் ஒரு சின்ன வால்வு, கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கையிருப்போ மிகக் குறைவு. டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. டிராயிங்கை எடுத்துக்கொண்டு பல சப்ளையர்கள் தங்கள் பட்டறைகளில் அந்த வால்வைக் கடையத் தொடங்கினார்கள். தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனம்கூடச் செய்தது. ஒரு வாரத்துக்குள்ளேயே கார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஈக்காட்டுத்தாங்கல் மூத்த தொழிலாளியும் அம்பத்தூர் நண்பரும் அதே காரியத்தைத்தான் செய்தார்கள்.

சித்தப்பாவின் இன்சூரன்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும், சின்னத் தொழில் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் உதவும். பிரீமியம் குறையட்டும் என்று மெஷின்களின் மதிப்பைப் பாதியாகக் காட்டியிருந்தார். சர்வேயர் வந்து கணக்குப் போட்டபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. 40 லட்ச ரூபாய் சொத்தை 20 லட்சத்துக்கு இன்சூர் செய்துவிட்டு 10 லட்சத்துக்கு நஷ்டம் என்றால், கிடைப்பது 10 லட்சம் இல்லை, விகிதப்படி 5 லட்சம். தொழில் நின்ற நாட்களின் லாப இழப்புக்குத் தனியாக ஒரு கவர் எடுக்க வேண்டும், சாதாரணத் தீ பாலிசியில் அது வராது. பட்டறை மூடிக் கிடந்த வாரங்களுக்கும் ஆட்களுக்குச் சம்பளம் தந்தார் சித்தப்பா, சித்தியின் வளையலை வைத்து. அவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டால் அந்த ஜிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது எங்கள் அலுவலகத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே ஒரு சுற்றுப் போகிறோம். எந்தத் தெரு, தரைத்தளமா மாடியா, 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் எவ்வளவு தண்ணீர் வந்தது, வீட்டில் முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, டயாலிசிஸோ ஆக்சிஜனோ தேவைப்படுகிறவர் உண்டா, கிளம்ப வேண்டியிருந்தால் எங்கே போவீர்கள், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சக ஊழியர் யார். விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லலாம். மனிதவளப் பிரிவில் ஒருவரும், அவசர நேரத்தில் அந்தந்தத் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான வார்டனும் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள், சம்பள உயர்வுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதலில் தயங்கினார்கள். ரெட் அலர்ட் வந்த ஒரு நாளில், தாழ்வான தெருக்களில் இருந்தவர்களை மழைக்கு முந்தைய நாள் மதியமே சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பினோம், போய்ப் பெற்றோரை மாடிக்கு மாற்றுங்கள், மருந்து வாங்கி வையுங்கள் என்று. அதன் பிறகு படிவங்கள் தானாக நிரம்பி வந்தன. வீட்டைப் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் மழை நாளில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்தான் இப்போது அவர்கள் தளத்தின் வார்டன்.

மாதக் கடைசியில் புயல் வருவதாக இருந்தால் சம்பளத்தை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போட்டுவிடலாம் என்று கேட்டேன். 2015-ல் ஏ.டி.எம். இயங்காமல், கையில் பணமில்லாமல் பால் பாக்கெட்டுக்கு அலைந்தவர்களை நிதிப் பிரிவிலேயே பலருக்குத் தெரியும். ஒப்புக்கொண்டார்கள். செலவு என்று பார்த்தால் இரண்டு மூன்று நாள் வட்டிதான்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் எந்தச் சான்றிதழ் படிக்கலாம் என்று கேட்டு எழுதுகிறார்கள். பிசினஸ் கண்டினியூட்டி இன்ஸ்டிடியூட், டி.ஆர்.ஐ. இரண்டில் எதுவானாலும் நல்லது, வேலை கிடைக்க உதவும். அதோடு சேர்த்து உங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள், அதற்கு டீசல் ஏற்றும் பம்ப் எங்கே என்றும் பாருங்கள். 2012-ல் சாண்டி புயலில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தது, பம்ப் அடித்தளத்தில் மூழ்கியது. படிக்கட்டில் வரிசையாக நின்று ஆட்கள்தான் எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். பிறகு இரவுக் காவலரோடு ஒரு டீ குடியுங்கள். எந்தச் சுவரில் முதலில் தண்ணீர் கசியும், எந்த ஷட்டர் மழையில் இறுகும் என்று அவருக்குத் தெரியும்.

அவரைப் பற்றித்தான் இப்போது நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன். காவலர், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், கேண்டீன்காரர்கள், கேப் டிரைவர்கள் எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். எங்கள் ஊழியர் பட்டியலில் இல்லாததால் கால் ட்ரீயிலும் இல்லை, மழைக்கு முந்தைய நாள் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டிலும் இல்லை. அவர்களில் பலர் வீடுகள் எங்கள் பட்டியலில் இருக்கும் எந்தத் தெருவையும்விடத் தாழ்வான இடத்தில் இருக்கின்றன. அது அந்தந்த ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று ஒரு தரப்பு சொல்கிறது. வெள்ள நாளில் ஷட்டரை இறக்கி மணல் மூட்டை அடுக்கப்போவது அவர்கள்தான் என்று நான் சொல்கிறேன். அக்டோபர் ஒத்திகைக்கு நான்கு ஒப்பந்ததாரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். ஒத்திகையைப் பகலில் வைக்காமல் இரவு ஷிஃப்டில் வைக்கிறோம். படிவத்தைத் தமிழில் அச்சடித்தாகிவிட்டது. எழுதத் தயங்குகிறவர்களிடம் வார்டன்களே உட்கார்ந்து கேட்டு நிரப்புவார்கள்.